ஓடைக்கரையில் பதினொரு கன்றுகள்

அரிவாளை இழுத்த பிறகுதான் அவள் பாத்தியைப் பார்த்தாள்.

முழ அகலத்தில் ஒரு வட்டம். உள்ளே தேங்காய் நார் பரப்பியிருந்தது.

காட்டுச் செடிக்கு யார் பாத்தி கட்டுவார்கள்?

திரும்பினாள். வெட்டி வந்த வழி நெடுக, புதர் போன தரையில் வட்டங்கள். பதினொன்று. ஒவ்வொன்றின் நடுவிலும் விரல் தடிமனில் ஓர் அடிக்கட்டை, ஈரமாக.

நீர்மருதுக் கன்றுகள்.

நூறு நாள் வேலையில் ஓடைக்கரைப் புதரை வெட்ட ஆளுக்கு இத்தனை அடி என்று குச்சி நட்டுக் கொடுப்பார்கள். தன் அளவை முடித்துவிட்டு நிழலுக்குப் போகும் அவசரத்தில் அவள் தலை நிமிரவே இல்லை.

"என்னடி, புதையல் கெடச்சிருச்சா? அப்படியே நிக்கிற!" என்றாள் பக்கத்து அளவில் இருந்த பவுனு.



நட்டது யாரென்று ஊருக்கே தெரியும். மாசிலாமணி. போன மழைக்கு அவன் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இந்த ஓடையில் தண்ணீர் குடித்தாள். மேட்டு வயல்களின் பூச்சிமருந்தும் சாணக் கழிவும் கரைந்து வந்த தண்ணீர்.

மூன்று நாள் வயிற்றுப்போக்கு. நான்காம் நாள் கல்லறைத் தோட்டம்.

கரையில் மரம் நின்றால் வேர் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், இன்னொரு பிள்ளைக்கு இப்படி ஆகாது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

இப்போது அவன் குடத்தோடு வந்துகொண்டிருந்தான்.

அரிவாள்கள் நின்றன. யார் வெட்டியது என்று அவன் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. பேசாமல் இருந்துவிடலாம்.

ஆண்டவரே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவள் முன்னால் போனாள்.

"நாந்தாண்ணே. பாக்காம வெட்டிப்புட்டேன்."

அவன் குனிந்து முதல் கட்டையைத் தொட்டான். விரலில் ஒட்டிய ஈரத்தை வேட்டியில் துடைத்தான்.

"வேரு கெடக்குல்லம்மா. தழைச்சிரும்."

குடத்தை அவளிடம் நீட்டினான்.

"எனக்குக் கால் ஓயுது. நீயே ஊத்திர்றியா?"

சற்றுத் தள்ளிப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

அவள் ஊற்றினாள். ஐந்தாவது வட்டத்துக்குக் குனிந்தபோது அவன் பக்கமிருந்து விம்மல் சத்தம் கேட்டது.

மகளின் அடக்கத்தன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்மனசுக்காரன் என்று இதே பெண்கள் பேசியிருக்கிறார்கள். அவளும்தான்.

பவுனு மற்றவர்களை ஜாடை காட்டி அழைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. குடத்தை மெல்லச் சாய்த்தாள். ஒவ்வொரு பாத்தியிலும் தண்ணீர் நாருக்குள் இறங்கி மறையும்வரை காத்திருந்தாள்.

பதினொன்றும் முடிந்தது. சத்தம் இன்னும் நிற்கவில்லை.

ஓடையில் இறங்கிக் குடத்தை நிறைத்துக்கொண்டு வந்து, நனைந்திருந்த முதல் வட்டத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.