தாம்பாளத்தில் ஒரு சாட்சி

மகளுக்கு மூச்சிரைப்பு வந்ததும், பதினெட்டு வருடம் நடத்திய பூச்சிமருந்துக் கடையை மூடிவிட்டு, மாசிலாமணி மொட்டைமாடியில் கத்தரி வளர்த்தார். காய்கள் பளபளவென்று காய்த்தன.

"ஒரு சொத்தைகூட இல்லையே! பழகுன கை சும்மா இருக்குமா? திருட்டுத்தனமா மருந்தடிக்கிறாரு" என்றாள் எதிர்வீட்டு எஸ்தர். அந்தச் சந்தேகம் அவர் மனைவி வள்ளிமயில் மனசிலும் தைத்தது. மகளின் தட்டில் மட்டும் அவள் அந்தக் காயை வைத்ததே இல்லை.

இன்று அரிவாள்மணையில் காயைப் பிளந்தவள் கத்தினாள். "ஏங்க, புழுங்க! உசுரோட நெளியுது!"

ஒரு பாதியை மகளுக்கென்று எண்ணெயில் போட்டாள். புழு இருந்த பாதியைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவரைப்போல, மாசிலாமணி எஸ்தர் வீட்டு மணியை அடித்தார்.

கதவு திறந்தது. புழு தலையை நிமிர்த்தியது.