மூத்த குண்டானின் கீறல்கள்

ஒரு சமையற்கட்டில் இரண்டு குண்டான்கள் வாழ்ந்தன. இளையவளின் அடிப்பாகம் கண்ணாடிபோல் வழவழப்பானது. குமிழி எழ அதில் ஒரு பிடிமானமும் இல்லாததால் தண்ணீர் தாமதமாகவே கொதிக்கும். மூத்தவளின் அடியெங்கும் நுண்கீறல்கள். ஒவ்வொரு கீறலிலும் குமிழிகள் பிறந்து, தண்ணீர் விரைவாகக் கொதித்துவிடும். ஆகவே அடுப்பு எப்போதும் மூத்தவளுக்கு, அலமாரி இளையவளுக்கு.

“உழைக்கப் பிறந்த உடம்பு உனக்கு, அக்கா,” என்று அலமாரியிலிருந்து கொட்டாவி விட்டாள் இளையவள்.

அன்று கழுவும்போது மூத்தவள் கம்பிநாரிடம் தளர்ந்த குரலில் கேட்டாள்: “இந்தக் கீறல்களைத் தேய்த்து அழித்துவிடேன், தாயே. நானும் ஒரு நாள் அலமாரியில் உட்கார வேண்டும்.”

மனமிரங்கிய கம்பிநார் மூச்சு வாங்க, அழுத்தி அழுத்தித் தேய்த்தது. புதுக் கீறல்கள் விழுந்தன.

மறுநாள் தண்ணீர் முன்னிலும் விரைவாகக் கொதித்தது. சமையற்காரி மகிழ்ந்துபோய், “இனி மாலைத் தேநீருக்கும் இதுவே போதும்,” என்றாள்.