கட் பண்ணுங்க டாடி

மௌலா அலி பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. தெலுங்கில் ஒரு குரல்.

"சைபர் கிரைம் போலீஸ். உங்க பொண்ணு ஷெரின் எங்க கஸ்டடியில இருக்கா. ஸ்டேஷனுக்கு வாங்க."

எவனோ மோசடிக்காரன். பெற்றவர்கள் வயிற்றைக் கலக்கிக் காசு பிடுங்குவதும் ஒரு பிழைப்பா?

"த்தூ. உன்னைப் பெத்தவன் நாண்டுக்கிட்டுச் சாகணும்டா" என்று சொல்லி கட் செய்தேன்.

மனைவி ஸ்டெல்லா பதறினாள். "என்னங்க, ஷெரின் போன் ஆஃப்னு வருது."

"கிளாஸ்ல இருப்பா. போலீஸ்னு எவன் பேசினாலும் நம்பாதீங்க, கட் பண்ணுங்க டாடின்னு அவதானே சொல்லிக் கொடுத்தா. கம்யூனிட்டி காலேஜ்ல சைபர் குற்றவியல் சும்மாவா படிக்கிறா? அடுத்த வருஷம் யுனிவர்சிட்டிக்கே மாறப் போறா."

மறுபடியும் அதே குரல். மறுபடியும் கட் செய்தேன். நம்பரை பிளாக் செய்துவிட்டுச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் வாசலில் ஜீப் நின்றது. இறங்கி வந்த எஸ்.ஐ. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னைப் பெத்தவனைத் திட்டினீங்களே, அந்தப் போன் நான்தான் பண்ணேன். உங்க பொண்ணும் போன்ல போலீஸ்னு பேசித்தான் வயசானவங்ககிட்ட காசு பிடுங்கியிருக்கா. அவங்களும் உங்கள மாதிரியே கட் பண்ணியிருந்தா, அவ இன்னிக்கு எங்ககிட்ட இருக்க மாட்டா."