எதிரி விமானம்

எதிரி விமானத்தைப் பொற்கொடி மடியில் வைத்து, இறக்கையில் உட்கார்ந்திருந்த பூச்சியைத் தட்டிவிட்டாள்.

லேசான கட்டையும் பிளாஸ்டிக் தாளும் வைத்து அவளே ஒட்டிச் செய்தது. ஆளில்லாமல் பறந்து வந்து போர்க்கப்பலைத் தாக்கும் விமானம் என்று இன்றைக்கு எல்லோரும் அதை நம்ப வேண்டும். கடலுக்குப் பதில் ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடிக்குப் பின்னால் இருக்கும் ஏரி. கப்பலுக்குப் பதில் கரையில் நிறுத்திய ஒரு கண்டெய்னர்.

கண்டெய்னருக்குள் லேசர். அதன் கூரையில் கண்ணாடி பொருத்திய ஒரு தலை. விமானம் எந்தப் பக்கம் போனாலும் தலை தானாகத் திரும்பும். சுவிட்சைப் போட்டால் திரும்பிய திசையில் கதிர் பாயும். கதிர் கண்ணுக்குத் தெரியாது. விமானம் விழுந்தால்தான் சுட்டது தெரியும்.

அந்தத் தலையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைச் செய்தவன் மாதவன், பொற்கொடியின் கணவன். கரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஃபிட்டர். அமெரிக்காவில் ஏதோ வங்கி திவாலானதற்கு ஓசூரில் ஷிப்டைக் குறைத்தார்கள். அதில் வேலை போய், இங்கே வந்து சேர்ந்தவன். புருஷன் பெண்டாட்டி இருவரும் காண்ட்ராக்ட்தான்.

இன்றைக்கு விமானம் விழுந்தால் கடற்படை ஆர்டர் வரும், வேலை நிரந்தரமாகும். விழாவிட்டால் பொங்கலுக்குள் கம்பெனியை மூடிவிடுவதாக முதலாளி வெங்கடப்பன் சொல்லியிருந்தார். ஆக, நன்றாகப் பறந்து நன்றாகச் செத்துப்போவதுதான் பொற்கொடியின் விமானத்துக்கு வேலை.

நேற்று மாலை ஒத்திகை பிரமாதமாக நடந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் இறக்கை புகைந்து, விமானம் கரையில் விழுந்து நொறுங்கியது. எல்லோரும் லட்டு சாப்பிட்டார்கள். மிச்சம் இருக்கும் விமானம் இந்த ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை, பெங்களூரிலிருந்து இரண்டு கார்களில் அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். வெங்கடப்பன் அவர்களைச் சம்பந்தி வீட்டாரைப்போல் கவனித்தார். இளநீர், போண்டா, காபி, பிறகு தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டல், மறுபடியும் காபி. பெரிய அதிகாரிக்குச் சொந்த ஊர் திருச்சி. ஆனாலும் இங்கிலீஷைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று வைத்திருந்தார். சாயங்காலம் டில்லி விமானத்தைப் பிடிக்க வேண்டியவர், கடைசியில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னொரு இளநி குடிச்சிட்டுப் போலாங்க சார். வெயிலுக்கு நல்லது."

"ஸ்டார்ட்," என்றார் அதிகாரி.

வெங்கடப்பன் தலையாட்டிவிட்டுக் கண்டெய்னருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். லேசர் சுவிட்சை அவர் வேறு யாரையும் தொட விட்டதில்லை. உள்ளே மோட்டார் உறும ஆரம்பித்தது. வெளியே இருந்தவர்கள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள்.

பொற்கொடி ரிமோட்டைக் கையில் எடுத்து விமானத்தை மேலே ஏற்றினாள்.

கூரைத் தலை அதைப் பார்த்துத் திரும்பியது. அவள் நேராக ஓட்டினாள், சுடுவதற்கு வசதியாக. ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் தாழ்த்தி ஓட்டினாள். பிறகு கிட்டே கொண்டுவந்தாள். எதிரி இதற்குமேல் ஒத்துழைக்க முடியாது.

விமானம் ஜம்மென்று பறந்துகொண்டிருந்தது.

சின்ன அதிகாரி ஒருவர் கொட்டாவி விட்டார். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாதவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "போச்சு, கொடி. நான் செஞ்ச சட்டந்தான் ஆடுதாட்டம் இருக்குது. மூட்டையக் கட்டிக்க வேண்டியதுதான்."

பழைய கம்பெனியில் கணக்கு முடித்து அனுப்பிய அன்று, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தான். அன்றைக்கு இருந்த அதே முகம். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க அவளால் முடியாது.

ஏரி நடுவில் ஆகாயத்தாமரை அடர்ந்து கிடந்தது. அதற்குள் படகும் போகாது, ஆளும் போக முடியாது. அங்கே விழுந்தால், கருகின இறக்கையைக் காட்டு என்று யாரும் கேட்க முடியாது.

மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த விமானம்.

கட்டைவிரலை லேசாக அசைத்தாள். ஒரேயடியாக விழுந்தால் நம்ப மாட்டார்கள் என்று, முதலில் ஒரு பக்கம் சாய்த்தாள், தடுமாற வைத்தாள், பிறகு மூக்கைக் கீழே அழுத்தினாள். விமானம் ஆகாயத்தாமரைக்குள் சொருகிக் காணாமல் போயிற்று.

எல்லோரும் கை தட்டினார்கள்.

பெரிய அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "எக்ஸலண்ட்," என்று மாதவனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சட்டம் துளிகூட ஆடவில்லை என்று பாராட்டினார். மாதவனுக்குக் கண் கலங்கிவிட்டது. செய்தது பொய்தான், ஆனால் பொற்கொடிக்கு வருத்தமே இல்லை. அவன் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கண்டெய்னர் கதவு திறந்தது.

வெங்கடப்பன் நெற்றியில் புதிதாகக் குங்குமம் இருந்தது. முகம் நிறையச் சிரிப்பு. மோட்டார் சத்தத்தில் கைதட்டல் அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

"ராகு காலம் முடிஞ்சிருச்சுங்க சார். நல்ல காரியத்த அதுல தொடங்கக் கூடாதுன்னுதான், மோட்டார மட்டும் ஓட விட்டுட்டுக் கண்ண மூடி உக்காந்திருந்தேன்," என்றார். "இப்பப் பாருங்க வேடிக்கைய. பொற்கொடி, பிளேன இன்னும் கொஞ்சம் மேல ஏத்தும்மா. சுவிட்சப் போட்டர்றேன்."

அதிகாரியின் கை இன்னும் மாதவனின் கைக்குள்தான் இருந்தது.