அத்தியாயத்தின் கடைசிப் பக்கம்

“வெளிச்சம் இதுக்குள்ளயே இருக்கு கிரேனா, கும்மிருட்டுலயும் படிக்கலாம்” என்று இ-ரீடர் வாங்கிய அன்று ஞானமுத்து மனைவி கிரேனாப்பிடம் பெருமையடித்தார். மணக்காத புத்தகம் என்ன புத்தகம் என்று முகம் சுளித்தாலும், அவர் படிக்கும் நாவலையே அவளும் அவர் கணக்கிலேயே கைபேசியில் படித்தாள். முந்துகிறவர் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது பேச்சு. எப்போதும் காத்திருந்தவர் அவர்தான். ஆறாம் அத்தியாயத்தைத் தொடங்குமுன் அவர் இறந்துபோக, இ-ரீடரை அவளே சவப்பெட்டிக்குள் வைத்தாள். கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, விட்ட இடத்தில் நாவலைத் திறந்தாள். “உங்கள் இன்னொரு கருவி ஆறாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே செல்லலாமா?” என்றது கைபேசி. அவள் ‘வேண்டாம்’ என்பதைத் தொட்டாள். “அவசரப்படுத்தாதீக. நான் மெதுவாத்தான் வருவேன்” என்றாள்.