ஏழாவது டேக்

திரையில் அவருடைய முகம் சுவர் அளவுக்கு நின்றது.

பேராசிரியர் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்திவிட்டு, ஒரு நீளமான குச்சியால் அந்த முகத்தின் இடது கண்ணைத் தொட்டார்.

"இந்தக் கண்ணைப் பாருங்க. ஒரு துடிப்பு. அப்புறம் பார்வை மெதுவா கீழே இறங்குது. பொண்டாட்டியை அடிச்ச மறு விநாடியே மனசுக்குள்ள உடைஞ்சுபோறான் அந்தப் புருஷன். வசனமே இல்ல. முகம் மட்டும்தான்."

எழுபது பேர் குறிப்பெடுத்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளும்.

திரையில் இருந்தவர் பெரிய நட்சத்திரம். போஸ்டரில் பாதி முகம் போட்டாலே கூட்டம் கூடிவிடும். அவருடைய இந்த நான்கு விநாடிகளை முப்பத்தோரு வருடங்களாக நடிப்புக்குப் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பேராசிரியர் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மகளின் ஆராய்ச்சியும் அந்த நட்சத்திரத்தின் நடிப்பைப் பற்றித்தான். பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குப் பட்டம்.

திரையின் வலது ஓரத்தில் ஒரு பெண் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒரு காது, கொஞ்சம் கூந்தல், ஒரு தோள். அவ்வளவுதான்.

அது நான்.

படத்தின் பெயர்ப் பட்டியலில் நான் இல்லை. அதற்குப் பிறகு எனக்கு வேறு படமும் வரவில்லை. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்; இன்றுவரை அங்கேதான். தினமும் இருபது முகங்களையாவது ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டு கண்களுக்கும் நடுவே ஸ்கேல் பிடித்து அளக்கிறேன். 'நல்லாத் தெரியுது' என்று பொய் சொல்லும் முகம் எது என்று எனக்கு உடனே தெரிந்துவிடும்.

வெளியாட்களும் வரலாம், உன் படத்தைத்தான் போடுகிறார்கள் என்று மகள் கூப்பிட்டதால் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். என்னைப் பற்றி அவள் பேராசிரியரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஒரு முதுகு.

குச்சி அங்கேயிருந்து நகர்ந்து வந்து திரையில் இருந்த என் தோளில் பட்டது.

"எதிர்ல நிக்கிறவங்க எதுவுமே செய்யல. மரம் மாதிரி நிக்கிறாங்க. மொத்தக் காட்சியையும் அவர் ஒருத்தரே தூக்கி நிறுத்துறார். ஆறு டேக் அவருக்கே திருப்தியில்லாம ஏழாவது டேக் கேட்டு வாங்கி நடிச்சிருக்கார். அதுக்குப் பேருதான் அர்ப்பணிப்பு."

என் கை மேலே போனது.

மகள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, சும்மா இரும்மா. என் கைடும்மா அவரு."

அவள் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் எழுந்து நின்றேன்.

"சார், அந்த மரம் நான்தான்."

யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. திரையில் இருந்த காதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் வந்தது. அந்த விநாடிக்காக அந்த நட்சத்திரம் எப்படித் தயாரானார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார்.

சொன்னேன்.

அடி விழுந்ததும் நான் சுருண்டு கீழே விழ வேண்டும். அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். எழுதியிருந்தது அதுதான். முதல் டேக்கில் மெதுவாகத்தான் அடித்தார். விழுந்தேன், அழுதேன். உயிரே இல்லை என்றார். இரண்டாவது டேக்கில் கன்னம் எரிந்தது. மூன்றாவதில் காது அடைத்துக்கொண்டது. நான்காவது முடிந்ததும் மேக்கப் போடுகிற அக்கா வந்து, விரல் தடத்தின் மேல் இன்னும் கொஞ்சம் பவுடரை அப்பிவிட்டுப் போனாள். ஒன்றும் பேசவில்லை. சுற்றி நின்ற நாற்பது பேரும் பேசவில்லை. நான் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அவர் அந்த நாற்பது பேரையும் பார்த்துச் சிரித்தார்.

ஆறாவது டேக்கில் உதடு கிழிந்தது. இப்போதுதான் கொஞ்சம் நிஜமாக வருகிறது, இன்னொன்று போகலாம் என்றார்.

வகுப்பில் பேனாக்கள் நின்றுவிட்டன.

"ஆறு தடவை விழுந்தேன் சார். ஏழாவது தடவை விழல."

பேராசிரியர் குச்சியைக் கீழே இறக்கினார்.

"நிமிர்ந்து நின்னு அவரையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. அடுத்து என்ன பண்றதுன்னு அவருக்குத் தெரியல. கண்ணு கீழே போகுதுன்னீங்களே, அது வருத்தம் இல்ல சார். நான் விழுந்து கிடக்க வேண்டிய இடத்தைப் பார்க்கிறாரு."

பேராசிரியர் ரிமோட்டை எடுத்து அந்த நான்கு விநாடிகளை மறுபடியும் ஓடவிட்டார். கன்னத்தில் கை விழுகிறது. தோள் அசையவில்லை. கண் துடிக்கிறது. பார்வை தரைக்குப் போகிறது, தேடுகிறது, காலியாகத் திரும்பி வருகிறது.

இன்னொரு தடவை ஓடவிட்டார். எழுபது பேரும் முதல் முறையாக வலது ஓரத்தைப் பார்த்தார்கள்.

பிறகு மகள் எழுந்தாள். தன் கைடு அங்கே நிற்கிறார் என்பதையே மறந்துவிட்டவள்போல, அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"அப்புறம் ஏம்மா எட்டாவது டேக் எடுக்கல?"

"டைரக்டர் கேட்டாரு. உதட்டைத் துடைச்சுக்கிட்டு, நான் ரெடின்னேன்," என்றேன். "அடிச்சவருதான் கை வலிக்குதுன்னுட்டாரு."