டாக்டர் கார்டிகன்

“இந்த வெயில்ல ஸ்வெட்டரா? என்னா தாவீது, ஷூட்டிங்கா?” என்றான் கூட வேலை பார்க்கும் பாண்டியன்.

பட்டுக்கடையின் பில் கவுண்டரிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய தாவீது, சால்வைபோல் கழுத்தைச் சுற்றி மடிந்த காலர் வைத்த சாம்பல் நிறக் கார்டிகனை மாட்டிக்கொண்டிருந்தான். டிவி சீரியலில் வரும் டாக்டர் போடுவது அச்சு அசலாக அதேதான்.

“என் வண்டி பஞ்சர். கொஞ்சம் எறக்கி விடுபா பாண்டியா, அர்ஜென்ட்டு.”

தேரடியில் திருவிழாக் கூட்டம். பைக் நகரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த தாவீதின் போனில் ஒரு பெண் குரல் பதறியது.

“எங்க இருக்கீங்க? கோட்டு போட்டுக்கினீங்களா? சீரியல் முடியப்போவுது, சீக்கிரம் வாங்க!”

பாண்டியனுக்கு எரிச்சல் மூண்டது. கல்யாணமானவன் எவளோ ஒருத்திக்காக டாக்டர் வேஷம் கட்டுகிறான், அதற்கு நான் டிரைவரா? ஆள் யாரென்று பார்த்தே தீருவது என்று, தாவீது காட்டிய வாசலில் பைக்கை நிறுத்தியதும் அவனும் பின்னாலேயே மாடிப்படி ஏறினான்.

கதவைத் திறந்தவள் தாவீதின் மனைவி எஸ்தரேதான்.

உள்ளே, சோற்றுத் தட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் தாவீதின் தாய் எல்லம்மாள். கார்டிகனைக் கண்டதும் அவசரமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“வாங்க டாக்டர்!”

“பெத்த புள்ள மொகத்தையே மறந்துட்டாங்கண்ணா. சீரியல்ல வர்ற இந்த டாக்டரு ஊட்டினாதான் சாப்புடறாங்க,” என்றாள் எஸ்தர், மெல்ல.

வியர்வை வழிய வழிய ஊட்டினான் தாவீது. கடைசி வாயை விழுங்கியதும் எல்லம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என் புள்ள தாவீது வந்தா, நான் சாப்ட்டேன்னு சொல்லிடுங்க டாக்டர். இல்லன்னா அது பட்டினியா கெடக்கும்.”